ஆற்றங்கரையில் விடுபட்ட கண்ணிகள்

மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் தெரு நியாயவிலைக் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று விசாரிக்கும் குரல்கள் காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடும். 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. வெளிச்சந்தையில் எந்தச் சமையல் எண்ணெயும் இன்று அந்த விலைக்கு அருகில்கூட இல்லை. இந்த எண்ணெயைக் குறைகூறுவோர் பெரும்பாலும் அதை வரிசையில் நின்று வாங்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள் என்பது என் நெடுநாளைய கணிப்பு.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் இந்தப் பாக்கெட்டை ஒரு பாடமாகவே வைத்திருந்தேன். கடையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து சுத்திகரிப்பு ஆலை, ஆலையிலிருந்து துறைமுகம் எனப் பின்னோக்கிச் சென்று, ஒவ்வொரு கட்டத்திலும் யார் எவ்வளவு மானியம் தாங்குகிறார்கள் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்வேன். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. ஆனால், என் பாடம் துறைமுகத்துடன் நின்றுவிடும். கப்பலுக்கு அப்பால் இருக்கும் நிலத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 2019இல், போர்னியோ தீவின் வடகிழக்கில் உள்ள மலேசிய மாநிலமான சபாவுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தபோதுதான் அந்த நிலத்தைப் பார்த்தேன்.

கினபத்தாங்கான் என்பது சபாவின் மிக நீளமான ஆறு. 560 கிலோமீட்டர் ஓடி, சூலு கடலில் கலக்கிறது. அதன் வடிநிலம் மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கீழ்ப்பகுதியில் ஆறு வளைந்து வளைந்து செல்லும் அகன்ற வெள்ளச் சமவெளியில் சுக்காவ், பிலிட், பத்து பூத்தே போன்ற சிற்றூர்கள் உள்ளன. இங்கு வாழும் பழங்குடியினருக்கு ‘ஓராங் சுங்கை’ என்று பெயர். ‘ஆற்று மக்கள்’ என்பது அதன் பொருள். மாலை நான்கு மணிக்குப் படகில் ஏறினால், கரையோர மரங்களில் நீள்மூக்குக் குரங்குகள் உறங்க இடம் தேடி வந்து அமர்வதைப் பார்க்கலாம். பத்து வகைக் குரங்கினங்களும் எட்டு வகை இருவாச்சிகளும் இந்த ஒரு சமவெளியில் உள்ளன. யானைகளும் உண்டு. போர்னியோ யானை ஏறத்தாழ ஆயிரம்தான் எஞ்சியிருக்கிறது என்று கூறி, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2024இல் அதை அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாகத் தனியே பட்டியலிட்டது.

இத்தனையும் ஒரே இடத்தில் காணக் கிடைப்பதற்கான காரணத்தைப் படகோட்டி இளைஞர்தான் எனக்குக் காட்டினார். ஒரு வளைவில் படகைக் கட்டிவிட்டு, “பாக்சிக், என் பின்னால் வாருங்கள்” என்று அழைத்துச் சென்றார். மலாய் மொழியில் வயதில் மூத்தவரை அழைக்கும் சொல் அது. நம் ‘மாமா’, ‘சித்தப்பா’ போல. அடர்ந்த காடு என்று நான் நினைத்தது சில நிமிட நடையில் முடிந்துவிட்டது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேர்வரிசையில் எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர் செம்பனை என்று சொல்லும் மரம். விலங்குகள் அங்கே செழித்திருப்பதால் நமக்குத் தென்படவில்லை. ஒதுங்க வேறு இடமில்லாமல் ஆற்றோரத்தில் நெருக்கியடித்து நிற்பதால்தான் தென்படுகின்றன.

வரலாறு சுருக்கமானது. 1950களில் வணிக நோக்கில் மரம் வெட்டுதல் பெருகியது. மரம் தீர்ந்த நிலத்தில் 1970களிலிருந்து, குறிப்பாக 1980களிலும் 1990களிலும், எண்ணெய்ப்பனை வந்தது. மலேசியத் தோட்டம் என்றதும் நமக்குச் சஞ்சிக்கூலிகளின் வரலாறு நினைவுக்கு வரும். ஆனால், அது தீபகற்பத்தின் கதை. சபாவின் தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும்தான். எஞ்சிய காட்டை 2005இல் கீழ்க் கினபத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. பரப்பு 26,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஆனால், அது ஒரே காடு அன்று, பத்துத் துண்டுகள். ஆற்றின் இரு கரைகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் அந்தத் துண்டுகளுக்கு இடையே தோட்டங்களும் ஊர்களும் சாலைகளும் உள்ளன. கடலோரச் சதுப்புநிலக் காடுகளையும் உள்நாட்டு மேட்டுநிலக் காடுகளையும் இணைக்கக்கூடியது இந்த ஆற்றோரம் மட்டுமே.

துண்டாவதால் என்ன நேர்கிறது? ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் சிற்றோடைகளின் மீது பெருமரங்களின் கிளைகள் கோத்து நிற்கும். அவற்றைப் பிடித்து அது மறுகரை சேரும். பெருமரங்கள் போனபின் பத்து மீட்டர் அகல ஓடைகூட அதற்கு எல்லைச் சுவர். சுக்காவ் ஊரில் இயங்கும் ஹுத்தான் என்ற தன்னார்வ அமைப்பு 2003 முதல் ஓடைகளின் குறுக்கே கயிற்றுப் பாலங்களைக் கட்டிவருகிறது. தீயணைப்புத் துறையினர் பயன்படுத்திக் கழித்த நீர்க்குழாய்களையும் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓர் ஒராங்குட்டான் அப்படியொரு பாலத்தைக் கடக்கும் படம் முதன்முதலில் எடுக்கப்பட்டது 2010இல். ஏழு ஆண்டுக் காத்திருப்பு! கயிற்றுப் பாலம் ஒரு முதலுதவி என்பதைக் கட்டியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சிகிச்சை என்பது மரம்தான்.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. பொதுப் பண்டங்களில் ஒரு வகை உண்டு. அதன் மதிப்பை நிர்ணயிப்பது பங்களிப்புகளின் கூட்டுத்தொகை அன்று, மிகக் குறைந்த பங்களிப்பு. வெள்ளத் தடுப்புக் கரை அதற்கு எளிய எடுத்துக்காட்டு. பத்துக் கிலோமீட்டர் கரையில் ஒன்பதரைக் கிலோமீட்டரை எவ்வளவு உயர்த்தினாலும், மீதி அரைக் கிலோமீட்டர் வழியாகத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும். வனவிலங்கு வழித்தடமும் அப்படித்தான். ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் அதைச் சங்கிலி என்று சொல்வதில் பொருளில்லை. இருபது நில உரிமையாளர்களில் பத்தொன்பது பேர் ஆற்றோரத்தைக் காட்டுக்கு விட்டுக்கொடுத்து, ஒருவர் மின்வேலி போட்டுவிட்டால், யானைக்கு அது முட்டுச்சந்து.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் கிளைக்கின்றன. ஒன்று, கடைசியாகப் பேச்சுவார்த்தைக்கு வரும் உரிமையாளரின் பேரம் பேசும் வலிமை மிகவும் கூடிவிடுகிறது. மற்ற கண்ணிகளுக்காகச் செலவிடப்பட்ட பணம் அனைத்தும் அவர் கையில் பிணையாகிறது. இரண்டு, இது தெரிந்தே எல்லாரும் கடைசி ஆளாக வரக் காத்திருப்பார்கள். சந்தை தானாக இதைத் தீர்க்காது. அரசாணை மட்டும் தீர்க்குமா என்றால், அதற்கும் வரம்பு உண்டு. சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம், மூன்று மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஆறுகளின் ஒவ்வொரு கரையிலும் 20 மீட்டரை ஆற்றுக் காப்பு நிலமாக வரையறுக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே பல இடங்களில் தண்ணீர் விளிம்புவரை பனை நட்டாகிவிட்டது. மேலும், 20 மீட்டர் என்பது மண் அரிப்பையும் உரக்கழிவையும் ஓரளவு தடுக்கும் அளவு; உயிரினங்கள் வாழும் அளவு அன்று. சபாவின் பனைத் தோட்டங்களுக்கு இடையே பறவைகளைக் கணக்கெடுத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 40 மீட்டர் இயற்கைத் தாவரம் வேண்டும் என்கிறது. யானைக் கூட்டத்துக்கு அதுவும் போதாது.

ஆகவே, தோட்டக்காரர்கள் தங்கள் பட்டா நிலத்தில் ஒரு பகுதியை விட்டாக வேண்டும். அதற்கு என்ன விலை கொடுப்பது? நான் கற்பித்த பாடத்தின்படி, அந்த நிலத்தில் பனை தந்திருக்கக்கூடிய வருமானமே வாய்ப்புச் செலவு. ஒரு ஹெக்டேருக்குச் சராசரி விளைச்சல் இவ்வளவு, விலை இவ்வளவு, பெருக்கினால் தொகை கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகள் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கினபத்தாங்கான் அதில் உள்ள பிழையை எனக்குக் காட்டியது. சராசரி என்பது தோட்டத்துக்கு உண்டு, ஆற்றங்கரைக்கு இல்லை.

பெருமழைக் காலத்தில் இந்த ஆறு கரை கடந்து பரவுகிறது. தாழ்ந்த இடங்களில் வாரக்கணக்கில் நீர் நிற்கும். இளம்பனைகள் அழுகிப்போகும். தப்பிய மரங்களும் காய்ப்பு குன்றி நிற்கும். இட்ட உரம் ஆற்றோடு போகும். பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை குலை வெட்ட வேண்டிய பயிர் இது. சேற்றில் வண்டி போகாவிட்டால் குலை மரத்திலேயே கனிந்து உதிரும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பகுதியின் 5.2 லட்சம் ஹெக்டேர் நிலப்பரப்பை வரைபடமாக்கிப் பார்த்தது. ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 2.5 லட்சம் ஹெக்டேர், எண்ணெய்ப்பனை. அதில் சுமார் 15,800 ஹெக்டேர் வணிக நோக்கில் பயனற்றது என்று அந்த ஆய்வு கண்டது. எஞ்சியிருக்கும் காப்பற்ற காடுகளிலும் பாதிக்கு மேற்பட்டவை வெள்ளத்தால் பனைக்கு ஏற்ற நிலம் இல்லை. அவற்றை அழித்து நட்டால் நிகர நிகழ்கால மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். வேறு சொற்களில் கூறினால், சரணாலயத்தின் பரப்பில் பாதிக்கு மேற்பட்ட அளவு நிலத்தில் யாருக்கும் லாபமில்லாத பனை நின்றுகொண்டிருந்தது. யானைக்கும் ஒராங்குட்டானுக்கும் தேவைப்படுவது பெரும்பாலும் இதே தாழ்ந்த கரைநிலம்தான்.

நஷ்டம் தரும் நிலத்தை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? பேராசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. தோட்ட மேலாளர்கள் கேட்பதில்லை. பல ஆயிரம் ஹெக்டேர் தோட்டத்தின் கணக்கேட்டில் கரையோர வயல்களின் நஷ்டம் மற்ற வயல்களின் லாபத்தில் கரைந்துவிடும். நட்ட பரப்பு குறைந்தால் தலைமையகம் மேலாளரிடம் விளக்கம் கேட்கும். விளையாத மரத்தைப் பற்றி அந்த அளவுக்குக் கேட்காது. போட்ட முதல் போட்டாகிவிட்டது, மரம் நிற்கும்வரை கிடைப்பது கிடைக்கட்டும் என்ற எண்ணமும் உண்டு. நம் ஊரில் தண்ணீர் ஏறாத மேட்டுப் பாத்தியில் விடாமல் விதைக்கும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அது அறியாமை அன்று, நிலத்தைக் கைவிட்டதாகப் பெயர் வாங்க மனம் வராது.

ஆனால், ஒரு தருணத்தில் இந்தக் காரணங்கள் எல்லாம் வலுவிழக்கின்றன. எண்ணெய்ப்பனை மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டப்பட வேண்டிய மரம். அதற்குமேல் விளைச்சல் குறையும். குலைக்குக் கத்தி எட்டாத உயரத்துக்கு மரம் போய்விடும். அப்போது தோட்டத்தை முழுவதுமாக அகற்றி மறுநடவு செய்வார்கள். நிலம் வெறுமையாகக் கிடக்கும் அந்தச் சில மாதங்களில், கரையோரப் பட்டையில் மீண்டும் பனை நடுவதா, காட்டுக்கு விடுவதா என்ற முடிவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இழக்க அங்கு மரம் இல்லை. மாறாக, நாற்று, வடிகால், உரம் என்று செய்யவிருக்கும் புதிய முதலீடு மிச்சமாகும். நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை என்ற பன்னாட்டுச் சான்றளிப்பு அமைப்பின் விதிகளும் மறுநடவின்போது கரையோரத்தை மீட்க வேண்டும் என்கின்றன. அந்தத் தருணத்தைத் தவறவிட்டால் அடுத்தது 25 ஆண்டுகள் கழித்துத்தான் வரும். 1990களில் நட்ட பனைகளுக்கு அந்தத் தருணம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

நிலம் கிடைத்துவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். அதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. திறந்த வெளியில் முதலில் வருவது ஆளுயரப் புல்லும் கொடியும். மரக்கன்று நட்டால் கொடி ஏறி மூடிவிடும். தப்பினால் வெள்ளம் மூழ்கடிக்கும். அதிலும் தப்பினால் எந்த யானைக்காக நட்டார்களோ அந்த யானையே பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாது களை எடுத்தால்தான் கன்று தலை நிமிரும். நம் கடம்புக்கு நெருங்கிய உறவான மரங்களை முதலில் நடுகிறார்கள். அவை நீரில் நின்றாலும் சாகாதவை, வேகமாக நிழல் தருபவை. நிழல் விழுந்தால் புல் ஒடுங்கும். அதன்பின் அத்திவகை மரங்களும் பிறவும் நிலைபெறும்.

இந்த வேலையைச் செய்வது யார் என்பதில்தான் கூட்டுமுயற்சி என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது. பத்து பூத்தே பகுதி ஊர்கள் 1990களின் பிற்பகுதியில், உலக இயற்கை நிதியத்தின் துணையுடன், ஊரார் நடத்தும் சுற்றுலாவைத் தொடங்கின. 1997-98இல் எல் நினோ வறட்சியால் காட்டுத் தீ பரவி அவர்களின் சுற்றுப்புறக் காட்டை அழித்தது. விருந்தினருக்குக் காட்டக் காடே இல்லாமல் போகும் என்ற நிலையில் அவர்கள் மரம் நடத் தொடங்கினார்கள். 2003இல் கோப்பெல் என்ற கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்தல், படகு, வழிகாட்டல் ஆகியவற்றின் வருவாய் சங்கத்துக்கு வருகிறது. காடு மீட்பு சங்கத்தின் நிலையான தொழில்களில் ஒன்று. துங்கோக் என்ற ஏரியைச் சால்வினியா மூடியபோது அதைக் கையாலேயே அள்ளி அகற்றினார்கள். கேரளத்தார் ஆப்பிரிக்கன் பாயல் என்று சபிக்கும் அதே செடி.

சுக்காவில் ஹுத்தான் அமைப்பு 1998 முதல் ஒராங்குட்டான் ஆய்வை உள்ளூர் இளைஞர்களைக் கொண்டே நடத்துகிறது. காடு மீட்பை 2008 முதல் பெண்கள் குழு ஒன்று செய்துவருகிறது. நாற்றங்காலில் விதை முளைக்க வைப்பது முதல் மூன்றாம் ஆண்டுக் களையெடுப்பு வரை அவர்களுடைய பொறுப்பு. இது மாதச் சம்பள வேலை. இந்தச் சொல்லை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் ஆற்றங்கரையில் மரம் நடுவது என்றால் அமைச்சர், பதாகை, ஒரே நாளில் இத்தனை லட்சம் கன்றுகள் என்ற செய்தி. அடுத்த கோடையில் அங்கே நிற்பது கன்று கட்டிய குச்சி மட்டும். கினபத்தாங்கானின் பெண்கள் நட்ட கணக்கைவிடச் செத்த கணக்கைத்தான் கவனமாக எழுதுகிறார்கள். எந்த நிலத்தில் எந்த மரம் எத்தனையாம் மாதம் செத்தது என்று தெரிந்தால்தான் அடுத்த நடவைத் திருத்த முடியும். 2011இல் நெஸ்லே நிறுவனம் இதே ஆற்றோரத்தில் 2,400 ஹெக்டேரைக் குறிவைத்து ஒரு காடு மீட்புத் திட்டத்தைத் தொடங்கியபோதும், நாற்றுகளை உள்ளூர்க் குழுவிடமிருந்தே விலைக்கு வாங்கியது. பாமாயில் வாங்கும் நிறுவனம் பனையால் காடிழந்த ஊரிடம் நாற்று வாங்குவதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த முரணைச் சொல்லிக் கைகட்டி நிற்பதைவிட நாற்றை விற்பதே மேல் என்று ஊரார் முடிவெடுத்தார்கள். நான் அங்கே பிறந்திருந்தால் அதையே செய்திருப்பேன்.

இதையெல்லாம் சொல்வதால் ஊர் மக்களும் காடு காப்போரும் எப்போதும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஊராரில் பலர் சிறு பனை விவசாயிகள். யானை மிதிப்பது அவர்களுடைய மரங்களைத்தான். சுக்காவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டம் வந்தபோது, அது யானை வழித்தடத்தை அறுக்கும் என்று அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள். புகழ்பெற்ற இயற்கை ஒளிபரப்பாளர் டேவிட் அட்டன்பரோவும் எதிர்ப்புத் தெரிவித்தார். 2017 ஏப்ரலில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. உலகம் பாராட்டியது. ஆனால், அந்தப் பாலத்தைக் கேட்டவர்களில் ஊர் மக்களும் இருந்தார்கள். அக்கரையிலிருந்து நோயாளியை இரவில் படகில் கொண்டுவருவது என்ன என்பது லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது. பாலம் வேண்டாம் என்ற முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், அதன் விலையைச் செலுத்தியவர்கள் யார் என்ற கேள்வியை அந்த முடிவோடு சேர்த்தே பேசியிருக்க வேண்டும். வழித்தடத்தால் உலகத்துக்கு நன்மை, இழப்பு ஓர் ஊருக்கு என்றால், ஈடு செலுத்துவது தருமம் அன்று, கடன்.

நம்முடைய மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை இதனுடன் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2010ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை, 2011இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் உறுதிப்பாடு, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு என்று அது முற்றிலும் சட்டத்தின் வழியில் நடந்தது. சட்டத்தின் வழி தவறன்று. விடுதிகள் பெருகிய இடத்தில் வேறு வழியும் இருந்திருக்காது. ஆனால், அங்கே வாழும் எளிய மக்களுக்கு வழித்தடம் ஒரு வழக்கு எண்ணாகவே அறிமுகமானது; ஒரு வேலையாக, ஒரு சங்கமாக, ஒரு வருவாயாக அறிமுகமாகவில்லை.

கினபத்தாங்கானின் வெற்றியை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அந்தச் சமவெளியின் ஒராங்குட்டான்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1,100 என்று கணிக்கப்பட்டன. பிந்தைய கணிப்புகள் 800 என்ற அளவில் நிற்கின்றன. மீட்ட நிலம் தேவையின் ஒரு சிறு பகுதிதான். மாநிலத்தின் முழு பாமாயில் உற்பத்தியையும் 2025க்குள் சான்றளிப்புக்கு உட்படுத்துவது என்று சபா அரசு 2015இல் எடுத்த முடிவு, சிறு விவசாயிகள்வரை எட்டுவது எளிதாக இருக்கவில்லை.

பாமாயிலையே புறக்கணிப்பதுதான் தீர்வு என்று சொல்வோர் உண்டு. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய், சோயாவோ கடலையோ தருவதைப்போல் பல மடங்கு. இதே எண்ணெய்க்கு வேறு பயிரை நாடினால் இன்னும் அதிகமான நிலம் வேண்டும். நியாயவிலைக் கடைகளில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் தர வேண்டும் என்ற நம் விவசாயிகளின் கோரிக்கையில் நியாயம் உண்டு; ஆயினும் 25 ரூபாய்க்கு அதைக் கொடுக்க ஆகும் மானியத்தை யாரும் இன்னும் மேசைமேல் வைத்துப் பேசவில்லை. பாமாயில் தொடரும் என்றே கொள்வோம். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கு எண்ணெய் வாங்கும் மாநிலம் ஒரு சாதாரண வாடிக்கையாளர் அன்று. எந்தத் தோட்டத்து எண்ணெய், அந்தத் தோட்டம் மறுநடவில் ஆற்றங்கரையை விட்டதா என்ற ஒரு கேள்வியைத் தன் ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்கும் வலிமை அதற்கு உண்டு.

இதைவிட அவசரமானது நம் நாட்டிலேயே நடக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. கூடுதலாக 6.5 லட்சம் ஹெக்டேரில் பனை நடுவது இலக்கு; அதில் சுமார் பாதி வடகிழக்கு மாநிலங்களில். அந்த மலைச்சரிவுகளிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் யானைகள் உண்டு, இருவாச்சிகள் உண்டு, ஊரார் பொதுவில் வைத்திருக்கும் நிலங்கள் உண்டு. இறக்குமதிச் சார்பைக் குறைக்கும் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், கினபத்தாங்கான் மக்கள் இருபது ஆண்டுகளாகக் கூலி கொடுத்துக் களையெடுத்து மீட்கும் அதே கரைப்பட்டையை நாம் மானியம் கொடுத்து நட்டுவிடக் கூடாது. நாற்று இறக்குவதற்கு முன் அளவுச் சங்கிலியைப் பிடித்து, ஆற்றிலிருந்து இத்தனை மீட்டருக்கு மானியம் இல்லை என்று ஒரு கல் நடுவதற்கு நில அளவையாளரின் ஒரு நாள் கூலிதான் ஆகும். அந்த நாள் கடந்துவிட்டால், கணக்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மறுபடி திறக்கும்.

சுக்காவை விட்டுப் புறப்பட்ட காலையில் படகு ஒரு நீண்ட வெற்றிடத்தைக் கடந்தது. ஒருபுறம் சரணாலயத்தின் ஒரு துண்டு முடிகிறது. அடுத்த துண்டு தொலைவில் பச்சையாகத் தெரிகிறது. நடுவே தண்ணீரைத் தொட்டபடி உயர்ந்து வளர்ந்த கிழட்டுப் பனைகள். இவற்றை எப்போது வெட்டுவார்கள் என்று படகோட்டியிடம் கேட்டேன்.

“அடுத்த ஆண்டு அல்லது அதற்கடுத்த ஆண்டு, பாக்சிக்.”

“அதன் பிறகு?”

“எங்கள் நாற்றங்காலில் கன்று தயாராக இருக்கிறது” என்றார் அவர். “கம்பெனியிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை.”